மருந்து வாடை அடிக்கும் தண்ணீர்

(பங்காளர் கூடுகையில் நமது மருத்துவமனையின் சார்பில் ஆற்றிய உரை)



இம்முறை குடிநீரைப் பற்றிப் பேச உங்களிடம் அனுமதி கேட்கிறோம். புதிய கட்டிடத்தைக் காட்டினால் காணிக்கை கொடுக்க மனம் எழும்புகிறது. ஒரு குடம் தண்ணீரைக் காட்டினால் அப்படி எழும்புவதில்லை. அதில் தவறில்லை, எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஒரே மாதத்தில் மூன்றாம் தடவையாக வயிற்றுப்போக்குடன் நமது வார்டுக்கு வந்தது. கண்கள் குழி விழுந்து, அழுவதற்கும் பெலன் இல்லை. இரண்டு தடவையும் சொஸ்தமாக்கி, உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பினோம். கூட வந்த பாட்டி அதைத் தவறாமல் செய்திருந்தார். எந்தத் தண்ணீரில் கலக்கினார் என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை. மூன்றாம் தடவைதான் கேட்டோம்.

"வூட்டு வாசல்ல காவேரித் தண்ணி பைப் இருக்குதுங்க டாக்டரம்மா. ஆனா மருந்து வாடை அடிக்குதுங்க. புள்ளைக்கு அதைக் குடுக்க மனசு வரலைங்க. பக்கத்துக் கிணத்துத் தண்ணி எளநி மாதிரி இருக்கும், அதைத்தானுங்க குடுத்தேன்" என்றார்.

நமது சிஸ்டர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். கிணற்றுக்குச் சற்று மேட்டில் இரண்டு வீடுகளின் கக்கூஸ் குழிகள் இருந்தன. தண்ணீரோ பளிங்கு போலத் தெளிவாக இருந்தது. அதைக் குடித்துப் பார்த்தால் நாமும் அதைத்தான் விரும்பியிருப்போம்.

1854-ஆம் ஆண்டில் லண்டன் பட்டணத்தில் இதே காரியம் நடந்தது. பிராட் தெருவில் ஒரு அடிபம்பு. அதன் தண்ணீருக்கு நல்ல ருசி என்று பேர். அத்தெருவைவிட்டு ஹாம்ஸ்டெட் என்னும் இடத்துக்குக் குடிபோன ஒரு விதவை, அந்த ருசிக்காகவே தினமும் அங்கிருந்து தண்ணீர் வரவழைத்துக் குடித்து வந்தார். அவ்வாண்டு காலராவில் அந்தப் பகுதியில் 600 பேருக்கு மேல் மரித்தார்கள். ஹாம்ஸ்டெட்டில் இருந்த அந்த அம்மாளும் மரித்தார். குற்றவாளி தண்ணீர்தான் என்று டாக்டர் ஜான் ஸ்நோ சொன்னபோது, அந்தச் சபையின் உதவிக்குருவானவர் ஹென்றி வைட்ஹெட் நம்பவில்லை. டாக்டர் சொல்வது தவறு என்று காட்டவே வீடு வீடாகப் போய் விசாரித்தார். வியாதிப்பட்ட ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர், பம்புக்கு அருகே இருந்த குழியில் கொட்டப்பட்டதைக் கடைசியில் கண்டுபிடித்தவரும் அவரே. டாக்டர் சொன்னதை ஒரு போதகரின் வீடு சந்திப்பு உறுதிப்படுத்தியது. போதகர்மார் இங்கே பலர் இருப்பதால் இதைச் சற்று நீட்டிச் சொன்னோம்.

நமது ஊர்க் காரியத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்குப் பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீர் வந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பின்பு மேட்டூரிலிருந்து காவேரித் தண்ணீர் வந்தது. 1934-இல் கட்டி முடிந்த அந்த அணை பாசனத்துக்காக எழுந்தது என்றாலும், இன்று நம் தாகத்தையும் அதுவே தீர்க்கிறது. ஆற்றுத் தண்ணீரில் படிகாரம் கலந்து, கலங்கலைத் திரளச்செய்து அடியில் படியவைத்து, தெளிந்ததை மணல் வழியாக வடிகட்டி, முடிவில் குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்தக் குளோரின் தண்ணீரிலுள்ள கிருமிகளைக் கொன்றபின்பும் கொஞ்சம் மீந்திருக்க வேண்டும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர அளவு.

மீதி எதற்கு? குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை. தண்ணீர் நின்ற நேரத்தில் குழாய் காலியாகிறது. சாக்கடை ஓரமாகப் போகும் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், அழுக்கு உள்ளே இறங்கும். இதற்குமேல், வீட்டில் மோட்டார் வைத்துக் குழாயிலிருந்து நேரே உறிஞ்சுகிறவர்கள் தண்ணீரோடு சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறார்கள். தங்களுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே. (விசுவாசிகள் வீட்டிலும் இந்த மோட்டாரைப் பார்த்திருக்கிறோம் என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம்.) அப்படி இறங்கும் கிருமியை எதிர்த்து நிற்பது அந்த மிச்சக் குளோரின்தான். பாட்டிக்குப் பிடிக்காத மருந்து வாடை அதுவே. தண்ணீரை மூடிய பாத்திரத்தில் ஓர் இரவு வைத்திருந்தால் வாடை பெரும்பாலும் குறைந்துவிடும்.

ருசியான போர் தண்ணீரில் வேறொரு ஆபத்தும் உண்டு. சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் பாறை நிலம். சில இடங்களில் பாறையிலிருந்து ஃப்ளோரைடு தண்ணீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை விழுகிறது. அளவு இன்னும் மிகுந்து வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்புகளும் மூட்டுகளும் இறுகிப்போகின்றன. இதற்குக் குளோரின் பயன்படாது. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இறுகின மூட்டைத் திருப்பித்தர எங்களிடம் மருந்து இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது இந்தக் காரணத்தினால்தான். மாராவின் தண்ணீர் கசந்ததால் ஜனங்கள் உடனே முறுமுறுத்தார்கள். ஃப்ளோரைடோ கசப்பதில்லை, ஆகையால் முறுமுறுப்பாரும் இல்லை.

இனிச் சொல்வது எங்களுக்கு வெட்கமானது. பாட்டியின் கிணற்றைச் சோதித்த அதே பெட்டியைக் கொண்டு நமது மருத்துவமனைத் தண்ணீரையும் சிஸ்டர் சோதித்தார். அந்த மாத்திரையைப் போட்டால் குளோரின் உள்ள தண்ணீர் ரோஜா நிறமாக மாறவேண்டும். வார்டுக் குழாய்த் தண்ணீர் நிறம் மாறவே இல்லை. தெருக்குழாயில் பார்த்தபோது நிறம் வந்தது. நடுவிலிருந்த நமது தரைத்தொட்டியின் மூடி உடைந்திருந்தது, அடியில் ஒரு சாண் சேறு. எத்தனை நாளாக அப்படி இருந்ததென்று எங்களில் ஒருவரும் சொல்ல முடியவில்லை. வார்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே, குழாயில் அந்தத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

தொட்டியை இறைத்துக் கழுவினோம். கான்கிரீட் மூடி போட்டோம். இப்போது தொட்டியில் நிறம் வராத நாட்களில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வார்டுக்குத் திறக்கிறோம். பவுடரை ஈரக்காற்றில் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும் என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டோம்.

உங்களிடம் கேட்பது பெரிய தொகை அல்ல. சோதனை மாத்திரைகள், கிராமத்துப் போர் தண்ணீரை ஃப்ளோரைடு பரிசோதனைக்கு அனுப்பும் செலவு, சிஸ்டர் வீடுகளுக்குப் போய்வரும் பஸ் செலவு. திறப்பு விழாவும் பெயர் பொறித்த கல்லும் இதற்கு இராது.

குழந்தை சுகமாகி வீட்டுக்குப் போயிற்று. பாட்டி இப்போது காவேரித் தண்ணீரை முந்தின இரவே பித்தளைக் குடத்தில் பிடித்து மூடிவைக்கிறார். "இன்னும் வாடை லேசா இருக்குதுங்க" என்று போன வாரமும் சிஸ்டரிடம் சொன்னாராம். அந்த வீட்டையும், கிணற்றை நம்பியிருக்கும் பக்கத்து வீடுகளையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இன்னும் குழாய் இணைப்பு வரவில்லை.