நூறு பேர் உடைத்த அணை



1970ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25. ஐஸ்லாந்தின் வடக்கே மீவாட்ன் என்றொரு ஏரி. அதிலிருந்து லக்சௌ என்ற ஆறு புறப்படும் இடத்தில் ஒரு சிறிய தடுப்பணை இருந்தது. அன்று சுற்றுவட்டார விவசாயிகள் அங்கே திரண்டு வந்தார்கள், அணைக்கு வெடி வைத்தார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெடிமருந்துக்காக அவர்கள் எங்கும் அலையவில்லை. மின் நிறுவனம் மிச்சம் வைத்துவிட்டுப் போன வெடிமருந்தே பக்கத்தில் கிடந்தது.

பிறகு விசாரணை வந்தது. யார் செய்தது என்று கேட்டால், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் முன்வந்து "நான்தான்" என்றார்கள். எல்லோரும் குற்றவாளி என்றால் யாரைப் பிடிப்பது? கடைசியில் 65 பேர் மேல் வழக்குப் போட்டார்கள்.

உடைந்தது சின்ன அணைதான். ஆனால் கீழே ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெரிய அணை ஒன்று கட்டும் திட்டம் இருந்தது. அது வந்திருந்தால் பண்ணைகளும் மேய்ச்சல் நிலமும் தண்ணீரில் மூழ்கியிருக்கும். வெடிக்குப் பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1974இல் ஏரிக்கும் ஆற்றுக்கும் பாதுகாப்பளித்து நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது.

ஒரு கிராமத்து ஜனம் இவ்வளவு தூரம் துணிந்து காப்பாற்றிய அந்த ஏரியில் என்னதான் இருக்கிறது?

சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்து ஓடியது. அது வழியை அடைக்கவே, இன்றைய ஏரி உருவானது. பரப்பு 37 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் இரண்டரை மீட்டர்தான். தென்கரையில் சிறுசிறு எரிமலை வாய்களைப் போல வட்டவட்டமாகக் குன்றுகள் நிற்கும். அவை எரிமலைகள் அல்ல. கொதிக்கும் குழம்பு சேற்று நிலத்தின் மேல் பரவியபோது, அடியில் அகப்பட்ட தண்ணீர் நீராவியாகி வெடித்த இடங்கள் அவை.

ஆழம் குறைவு என்பதால் கோடையில் வெயில் ஏரியின் அடித்தளம் வரை எட்டிவிடும். அதில் பாசி வளரும், பாசியைத் தின்று பூச்சிப் புழுக்கள் வளரும், புழுக்கள் கொசு போன்ற பூச்சிகளாகிக் கிளம்பும். சில வருடங்களில் கரை முழுக்கப் புகைமூட்டம் போலத் தெரியும் அளவுக்குக் கூட்டம். சுற்றுலாப் புகைப்படங்களில் இதைக் காட்ட மாட்டார்கள். ஏரிப்பூச்சி கடிக்காது, ஆனால் மூக்கு, வாய், கண் என்று எதையும் விட்டுவைக்காது. ஆற்றங்கரைப் பூச்சியோ கடிக்கும்.

இந்தப் பூச்சியை நம்பித்தான் மீனும் வாத்தும் அங்கே வாழ்கின்றன. பத்துக்கும் மேற்பட்ட வாத்து இனங்கள் முட்டையிடுகின்றன. அவற்றின் முட்டையை எடுத்துச் சாப்பிடுவது பண்ணைக் குடும்பங்களுக்குப் பரம்பரை உரிமை. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு: தாய் வாத்து அடைகாக்க ஒவ்வொரு கூட்டிலும் நான்கு முட்டையாவது விட்டுவைக்க வேண்டும். எந்த அதிகாரியும் வந்து எண்ணிப் பார்ப்பதில்லை. அடுத்த வருடமும் வாத்து வரவேண்டும் என்ற கணக்குத் தெரிந்தவர்கள் அவர்கள்.

இனி நெருப்பின் கதைக்கு வருவோம். 1724 மே மாதம், ஏரிக்கு அருகிலுள்ள கிராப்லா மலைப்பகுதியில் வெடிப்பு தொடங்கியது. ஐந்து வருடம் விட்டுவிட்டு நீடித்தது. 1729இல் குழம்பு ரேய்க்யாலித் என்ற பண்ணையை விழுங்கியது. பக்கத்திலிருந்த தேவாலயத்தை நெருங்கியதும் இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போய்விட்டது. தேவாலயம் சற்று மேட்டில் இருந்தது என்பது ஒரு விளக்கம். பக்தர்களுக்கு வேறு விளக்கம் இருந்திருக்கும். இன்று அங்கே இருப்பது 1962இல் கட்டிய தேவாலயம். சுற்றிலும் அந்தக் கறுப்புப் பாறை அப்படியே கிடக்கிறது.

1975 டிசம்பரில் கிராப்லா மறுபடி விழித்தது. 1984 வரை ஒன்பது முறை வெடித்தது. பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தை அதே மலையில் அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1977 செப்டம்பரில் வேடிக்கையான ஒன்று நடந்தது. நீராவிக்காகத் தோண்டிய ஆழ்துளைக் கிணறு ஒன்றின் வழியாக எரிமலைக் குழம்பே பீய்ச்சியடித்தது. சில டன் அளவுதான், ஆனால் மனிதன் போட்ட துளை வழியாக ஓர் எரிமலை வெடித்தது! ஊர்க்காரர்கள் குளித்துவந்த குகைச் சுனை ஒன்றும் அந்த வருடங்களில் உடல் பொறுக்காத சூடாகிவிட்டது. அத்தனைக்கும் மின் நிலையத்தை விட்டு ஓடவில்லை. அது இன்றும் இயங்குகிறது.

அடுப்படிக்கும் அந்தச் சூடு வந்திருக்கிறது. ரை என்ற தானியத்தின் மாவைப் பிசைந்து, டப்பாவில் போட்டு மூடி, வெந்நிலத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். சுமார் ஒரு நாள் கழித்துத் தோண்டி எடுத்தால், கருகருவென்று, லேசான இனிப்போடு ரொட்டி தயார். அதன் மேல் வெண்ணெய், அதன் மேல் புகையில் பதப்படுத்திய ஏரிமீன். மரம் அபூர்வமான நாடு என்பதால் புகை போட விறகு கிடையாது. ஆட்டுப் புழுக்கையை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். நம்மூரில் வயலில் கிடை போடுகிறோமே, அதே சரக்கு அங்கே மீனுக்கும் இறைச்சிக்கும் வாசனை தருகிறது.

ஆடு என்று சொல்லிவிட்டேன். அந்த நாட்டுக் கிராம வாழ்க்கையின் அச்சாணியே அதுதான். வருடத்தில் பாதி நாள் ஆடுகள் கொட்டகைக்குள்ளேயே நிற்கும். சின்னக் கோடையில் புல் அறுத்துச் சேர்த்தால்தான் அவற்றுக்குக் குளிர்காலத் தீவனம். ஜூன் மாதம் மலைக்கு ஓட்டிவிடுவார்கள். காவல் இல்லை, மேய்ப்பன் இல்லை. பல பண்ணைகளின் ஆடுகளும் பொது மேய்ச்சல் நிலத்தில் கலந்து திரியும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஊரே குதிரை ஏறி அவற்றைத் திரட்டப் புறப்படும். திரட்டியதை வட்டமான பட்டியில் அடைத்து, காது வெட்டு அடையாளம் பார்த்துப் பிரிப்பார்கள். எந்தக் காதில் எப்படி வெட்டு என்பது ஒவ்வொரு பண்ணைக்கும் தனி. அதற்கென்று அச்சிட்ட பதிவேடே உண்டு. வெளியூர் போன பிள்ளைகள் வந்து சேர்வார்கள். பாட்டும் குடியும் இரவு வரை நடக்கும்.

எல்லா வருடமும் திருவிழா அல்ல. 2012 செப்டம்பர் 10ஆம் தேதி, ஆடுகள் இன்னும் மலையில் இருக்கும்போதே, கடும் பனிப்புயல் இந்த வட்டாரத்தைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான ஆடுகள் பனிக்கடியில் புதைந்தன. கம்பால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்டி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். வாரக்கணக்கில் புதைந்திருந்தும் உயிரோடு கிடைத்த ஆடுகள் உண்டு.

திரட்டும்போது விடுபட்ட ஆட்டைத் தேடிப் போவது அங்கே கடமை. பெனெடிக்ட் சிகுர்யோன்சன் என்ற மீவாட்ன்காரர் 1925 டிசம்பரில் ஒரு நாயோடும், வழிகாட்டும் கிடா ஒன்றோடும் மலைக்குப் போய், யார் யாருடையதோ விட்டுப்போன ஆடுகளைத் தேடினார். எழுத்தாளர் குன்னர் குன்னர்சன் அந்தப் பயணத்தை வைத்தே 'அட்வெண்ட்' என்ற குறுநாவலை எழுதினார்.

இதையெல்லாம் கேட்டு அந்த ஜனங்கள் இயற்கையின் குறையில்லாத காவலர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். காடு அழிந்ததிலும் மண் காற்றில் பறந்ததிலும் ஆட்டு மேய்ச்சலுக்குப் பெரிய பங்குண்டு. 1907லேயே மண்ணைக் காக்க அரசு ஓர் அமைப்பை உருவாக்க வேண்டியிருந்தது. அதே ஏரியின் அடியிலிருந்து டயட்டமைட் என்ற நுண்பாசிப் படிவைத் தோண்டி, நிலத்து நீராவியால் உலர்த்தி விற்ற ஆலை ஒன்று 1960களின் பிற்பகுதியிலிருந்து 2004 வரை ஓடியது. அது ஊருக்கு வேலை கொடுத்தது. ஏரிக்கு என்ன செய்தது என்பதில் ஊருக்குள்ளேயே பெரிய சண்டை. ஏரிமீன் மிகவும் குறைந்துபோய், பிடிப்புக்கே கடும் கட்டுப்பாடு வந்தது. அணையை உடைத்தவர்களிடம் இருந்த ஒருமித்த குரல் இந்த விஷயத்தில் இல்லை. சம்பளம் வேண்டும் என்பவர் வீட்டையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அங்கே போய்க் குவிவது சுற்றுலாப் பயணிகள். இந்த வானொலி கேட்பவர்களில் யாராவது ஒருநாள் போகக்கூடும். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாலையை விட்டு வண்டியை இறக்காதீர்கள், அது அந்த நாட்டில் சட்டப்படி குற்றம். நடக்கும்போது போட்ட பாதையிலேயே நடங்கள். எரிமலைப் பாறை மேல் பச்சையாகப் படர்ந்திருக்கும் பாசி ஒரு மிதியில் பெயர்ந்துவிடும். திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.