ராகு கேதுவுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்



கிரகணத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. நவதிருப்பதியில் ஸ்ரீவைகுண்டம் சூரியனுக்கு, நத்தம் சந்திரனுக்கு, நம் ஆழ்வார்திருநகரி குருவுக்கு. ஆற்றுக்கு அக்கரையில் இரட்டைத் திருப்பதி. ஒரு கோயில் ராகுவுக்கு, ஒன்று கேதுவுக்கு. கிரகணத்தில் சம்பந்தப்பட்ட நாலு பேரும் நமக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள்தான்!

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. ஆடி அமாவாசை. காலையில் பாபநாசத்திலிருந்து தாமிரபரணிக் கரை நெடுகத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் நிற்கும். அன்று மாலை, வெயில் சாய்ந்த பிறகு, சூரியனின் ஒரு பகுதி மறையும். பொழுது அடைவதற்குள் விலகியும் விடும். தெற்கு ஸ்பெயின், மொராக்கோ, எகிப்து, மக்கா வழியாகச் சந்திரனின் கருநிழல் ஓடுகிறது. எகிப்தின் லக்சர் பக்கம் 6 நிமிடத்துக்கும் மேல் பட்டப்பகலில் இருட்டு. நம் மேல் விழுவது அதைச் சுற்றியுள்ள புறநிழல். அதனால் நமக்குப் பகுதிக் கிரகணம்.

அமாவாசைதோறும் சந்திரன் நமக்கும் சூரியனுக்கும் நடுவில்தான் வருகிறது. பிறகு ஏன் மாதாமாதம் கிரகணம் இல்லை? சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் சூரியனுக்கு மேலேயோ கீழேயோ ஒதுங்கிப் போய்விடுகிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடம் இரண்டே இரண்டு. அதன் பக்கத்தில் அமாவாசை வந்தால்தான் சூரிய கிரகணம். அந்த இரண்டு புள்ளிகளுக்குத்தான் நம் பஞ்சாங்கக்காரர்கள் ராகு, கேது என்று பேர் வைத்தார்கள். அங்கே ஒரு கல்லும் கிடையாது, மண்ணும் கிடையாது, கணக்குதான் இருக்கிறது. ராகு கேது பின்னோக்கிப் போகும், ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை பெயர்ச்சி என்று நம் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். வானநூல்காரரைக் கேளுங்கள்: அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 வருஷத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன என்பார். பன்னிரண்டு ராசிக்கு வகுத்துப் பாருங்கள், பாட்டி கணக்கு சரியாக வரும். ஆடி அமாவாசையன்று வரப்போவது கேதுவின் முறை. சந்திரன் வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிற புள்ளி அது.

இத்தனை பெரிய சூரியனை இத்துனூண்டு சந்திரன் எப்படி மறைக்கும்? கண்ணுக்கு நேரே ஒரு விரலை நீட்டினால் கோபுரமே மறைகிறதே! சூரியன் சந்திரனைப் போல 400 மடங்கு அகலம். தூரமும் ஏறக்குறைய 400 மடங்கு. சந்திரன் கிட்டே இருந்தால் முழுக்க மூடும். எட்டப் போயிருந்தால் ஓரம் மிஞ்சி வளையமாகத் தெரியும். 2010 ஜனவரி 15, மாட்டுப்பொங்கலன்று, இதே ஊரில் மத்தியான வேளையில் அந்த வளையம் தெரிந்தது. அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். கையைத் தூக்க வேண்டாம்!

கதவைச் சாத்தியது நம் முன்னோர் வழி என்று சொல்வார்கள். இன்னொரு முன்னோரைச் சொல்கிறேன். 1825-இல் புதுச்சேரிப் பக்கம் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஜான் வாரன் என்கிற வெள்ளைக்காரர் கண்முன்னே தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம்தான் பிசகு. முடியும் நேரத்தில் முக்கால் மணிக்கு மேல் பிசகியது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காகிதம், எழுதுகோல் இல்லாமல் செய்த கணக்கு, ஐயா! அந்த மனுஷருக்கு வாரிசாக இருக்கத்தான் எனக்கு ஆசை.

கிரகணத்தன்று உலக்கையைத் தாம்பாளத்தில் நிறுத்துவார்கள். தாராளமாக நிறுத்துங்கள், கிரகணம் இல்லாத நாளிலும் நிற்கும். ஆனால் வெறும் கண்ணால் மட்டும் சூரியனைப் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே பிலிம், கரி படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், சாணி கரைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம். விழித்திரை வெந்தாலும் வலிக்காது, அதுதான் ஆபத்து. கிரகணத்துக்கென்றே தரச்சான்றோடு வரும் கண்ணாடி போட்டு மேற்கே பாருங்கள். சூரியனின் இடதுகைப் பக்கம் குறைந்திருக்கும்.

கண்ணாடி கிடைக்காவிட்டால் ஒரு புளியமரத்தடிக்குப் போங்கள். நம்மாழ்வாரின் உறங்காப்புளி மரம் நம் ஊர்க் கோயிலுக்குள் இருக்கிறது, அன்று நடை சாத்தியிருக்கலாம். தெருவில் நிற்கிற மரம் போதும். இலைச் சந்தில் விழும் வெயில் வட்டங்கள் ஒவ்வொன்றும் சூரியனின் படம். அன்று அத்தனை வட்டமும் ஓரம் குறைந்து கிடக்கும். ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம்.

எனக்கு ஒரே பயம் பொதிகைப் பக்கத்துச் சாரல் மேகம். ஆடி மாதம், மேற்கு வானம், கேட்கவா வேண்டும்! மேகம் கெடுத்துவிட்டால் 2031 மே 21 இருக்கிறது. மதுரை, தேனிப் பக்கம் வளையமாகவே தெரியும். நமக்கு இங்கே பெரும்பகுதி மறையும். பள்ளிக்கூட லீவு நாள் வேறு. மதுரையில் அத்தை வீடு இருக்கிற பிள்ளைகள் இப்போதே சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.