அரிவாளின் பதம்

 

தென்னை மட்டை கழிக்கவும் வேலி முள்ளை வெட்டவும் நமக்கு நாள்தோறும் துணை நிற்பது அரிவாள். அதை வாங்கும்போது பளபளப்பையும் விலையையும் பார்க்கிறோமேயன்றி, எந்த இரும்பினால் ஆனது, எவ்வாறு தோய்க்கப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. பனையின் உச்சியில் இருப்பவரின் கையில் அரிவாள் முறியுமானால், இழப்பு கருவியோடு நில்லாது. ஆகவே இதைச் சற்று ஆராய்வோம்.

அரிவாளுக்கு நேரும் குற்றங்கள் இரண்டு. வாய் மடங்குதல் மென்மையின் விளைவு. வாய் தெறித்தல் மிகுந்த கடினத்தின் விளைவு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையே பதம்.

முதலாவது, இரும்பின் தேர்வு. எஃகைத் தோய்த்துக் கடினமாக்குவதற்கு அதிலுள்ள கரிச்சத்தே காரணம். கட்டடக் கம்பியில் அது பொதுவாக 0.3 சதவீதத்துக்கு மேற்படுவதில்லை. எனவே எவ்வளவு தோய்த்தாலும் நிலைத்த வாய் அமையாது. அரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் உண்டு. கூர்மை நிற்கும், ஆனால் கணுவில் ஓங்கி வெட்டினால் தெறிக்கும். லாரியின் வில்பட்டையில் ஏறக்குறைய 0.6 சதவீதம் உண்டு. அதிர்ச்சியைத் தாங்கவென்றே செய்யப்பட்ட அவ்வெஃகு வெட்டரிவாளுக்கு மிக ஏற்றது. ஆயினும், பழைய பட்டையில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் இருக்கக்கூடும். முறிந்த பட்டையைத் தவிர்த்தல் நன்று.

இரண்டாவது, தோய்ச்சல். எஃகு ஏறக்குறைய 770 டிகிரி சென்டிகிரேடில் காந்தத்தால் ஈர்க்கப்படாத நிலையை அடைகிறது. அதற்குச் சற்று மேலே, 830 முதல் 860 டிகிரிக்குள் காய்ச்சித் தோய்க்க வேண்டும். வெண்மை தோன்றும்வரை காய்ச்சினால் உள்மணிகள் பருத்து எஃகு நொய்ந்துபோம். வில்பட்டை எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கலாம். இளஞ்சூடான எண்ணெயே தக்கது. பிடிக்குள் செல்லும் காம்பைத் தோய்க்கலாகாது. அது மென்மையாக இருந்தால்தான் முறியாது.

மூன்றாவது, பதமூட்டல். பலர் விட்டுவிடும் படி இதுவே. தோய்த்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்புடையது. அதைத் துலக்கி, முதுகுப்புறத்தைப் பழுக்கக் காய்ந்த இரும்பின்மீது வைத்தால், வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என நிறங்கள் வாயை நோக்கி நகரும். முதுகில் நீலமும் வாயில் பழுப்பு கலந்த ஊதாவும் தோன்றும்போது, அதாவது வாயில் சுமார் 270 டிகிரி அடைந்ததும், சூட்டை நிறுத்த வேண்டும்.

இப்பதத்தைக் காப்பது நம் பொறுப்பு. சாணை எந்திரத்தில் தீட்டும்போது வாயில் நீலம் பாய்ந்தால் அவ்விடம் மென்மையாகிவிட்டதென்று அறியலாம். அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டுவது நலம்.

வாங்குமுன் வாயில் அரத்தை ஓட்டிப் பார்ப்போம். அரம் எளிதில் தின்றால் மென்மை. கண்ணாடிமேல் போல வழுக்கினால் பதமூட்டவில்லை. சற்று முயன்றபின் பிடித்தால் சரியான பதம். பிறகு காய்ந்த மரக்கணுவில் சில முறை வெட்டி, வாயை உற்று நோக்குவோம். அப்போது அருகில் எவரும் நிற்கலாகாது.

பஞ்சாயத்துக்குக் கருவி வாங்குகையில் இச்சோதனையை ஒரு நிபந்தனையாக்குவோம். பதமூட்டக் கொல்லர் செலவிடும் நேரத்திற்கும் உரிய கூலி கொடுப்போம். அக்கூலியில் மிச்சம் பிடிப்பது, மரமேறும் நம் தோழரின் உயிரில் மிச்சம் பிடிப்பதாகும்.