வானொலி கைமாறினால் பாட்டு மாறுவது ஏன்?

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலியையும் போனஸையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் பாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பொம்மைக்கு வர்ணம் பூசும் இடத்திலும், பியூஸ் கட்டைகளை அடுக்கும் கொட்டகையிலும் கை வேலை செய்கிறது. காது சும்மா இருக்கிறது. அந்தக் காதில் என்ன விழவேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இதுவும் நம்முடைய பிரச்னைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஆகஸ்டில் மத்திய மந்திரிசபை, 234 நகரங்களில் 730 தனியார் எப்.எம். அலைவரிசைகளை ஏலத்தில் விட ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பட்டியலில் நமக்குப் பக்கத்திலுள்ள நெய்வேலியும் இருக்கிறது. நாளைக்கு நம் கொட்டகையில் எந்தப் பாட்டு ஒலிக்கும் என்பது அந்த ஏலத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே, இதற்கு முன் வானொலி கைமாறியபோதெல்லாம் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

சென்னையில் மூன்று கைகள்

நம் மாகாணத்தில் வானொலியை முதலில் ஆரம்பித்தது சர்க்கார் அல்ல, ஒரு கிளப். சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924-ல் ஒலிபரப்பத் தொடங்கியது. கருவி வாங்க வசதியுள்ளவர்கள்தான் அதைக் கேட்க முடிந்தது. பணமில்லாமல் 1927-ல் அது நின்றுபோயிற்று. அதன் கருவிகள் சென்னை நகராட்சிக் கழகத்தின் கைக்கு வந்தன. 1930-ல் நகராட்சி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. பார்க்கிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். கருவி இல்லாதவனும் மாலையில் நின்று பாட்டுக் கேட்டான். பள்ளிப் பிள்ளைகளுக்கும் நிகழ்ச்சிகள் இருந்தன.

1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. 1939-ல் திருச்சி நிலையம் வந்தது. அப்போது எது சங்கீதம், எது சங்கீதம் அல்ல என்று தீர்மானிக்கும் அதிகாரம் டில்லிக்குப் போயிற்று. ஒரு உதாரணம் போதும். 1940-ல் ஆர்மோனியத்தை வானொலியில் தடை செய்தார்கள். நம் நாடக மேடைகளிலும் பஜனை மடங்களிலும் சர்வசாதாரணமாக ஒலித்த வாத்தியம், வானொலிக்குள் நுழைய 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

மந்திரியும் கொழும்பும்

சுதந்திரம் வந்தது. நிலையம் சர்க்காரிடமே இருந்தது; ஆனால் மந்திரி மாறினால் பாட்டும் மாறும் என்று கண்டோம். 1952-ல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியானார். சாஸ்திரிய சங்கீதத்தை வளர்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அது நல்ல காரியமே. அதற்காகச் சினிமாப் பாட்டுகளைக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் என்று சொல்லி அதையும் நிறுத்தினார்கள். பட முதலாளிகளுக்கும் வானொலிக்கும் தகராறு முற்றியது. பாட்டுகளுக்குக் கொடுத்திருந்த அனுமதியை அவர்கள் திரும்பப் பெற்றார்கள்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். யுத்த காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் தன் தேவைக்கு அமைத்த சக்திவாய்ந்த ஒலிபரப்பிகள் கைமாறி, இலங்கை வானொலியிடம் வந்திருந்தன. 1950-ல் அது வர்த்தக ஒலிபரப்பை ஆரம்பித்தது. பட்டாளத்துக்காக வைத்த கருவி பற்பசைக் கம்பெனியின் விளம்பரத்தைச் சுமந்தது; கூடவே நம் சினிமாப் பாட்டையும் சுமந்தது. தமிழ்நாட்டின் டீக்கடைகளிலெல்லாம் கொழும்புத் தமிழ் ஒலித்தது. கடைசியில் டில்லி இறங்கி வந்து, 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதியை ஆரம்பித்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? கேட்பவனைக் கேளாமல் மேலிருந்து ருசியைத் திணித்தால் அவன் வேறு பக்கம் போய்விடுவான். சர்க்கார் கையில் இருப்பதாலேயே வானொலி ஜனங்களுடையதாகிவிடாது.

ஏலத்துக்கு வந்த அலை

1995-ல் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. வான் அலைகள் பொதுச் சொத்து. அவற்றில் சர்க்காரின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் நடைமுறையில் பொதுச் சொத்து ஏலத்துக்கு வந்தது. 1999-ல் கொள்கை அறிவித்தார்கள். 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் நிலையம் ஒலித்தது. லைசென்ஸ் கட்டணம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறும் என்பது நிபந்தனை. பலரால் தாங்க முடியவில்லை. 2005-ல் அதை மாற்றி, வருமானத்தில் 4 சதவீதம் என்று குறைத்தார்கள். இங்கே சன் தொலைக்காட்சிக் குழுமம் சூரியன் எப்.எம்.மையும், தினத்தந்தி குழுமம் ஹலோ எப்.எம்.மையும் நடத்துகின்றன. அனில் அம்பானி குழுமம் 2006-ல் ஆரம்பித்த பிக் எப்.எம். கடனில் சிக்கி, 2023-ல் திவால் நடவடிக்கைக்குப் போய், சபையர் மீடியா என்ற கம்பெனியிடம் வந்து சேர்ந்தது.

இந்த நிலையங்களுக்குச் சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஆகவே அவர்கள் கடையில் பிரதானச் சரக்கு பாட்டு. அந்தச் சரக்கை எப்படிப் பொறுக்குகிறார்கள்?

அச்சு யார் கையில்?

பீங்கான் தொழிலாளிக்கு இதை விளக்குவது சுலபம். கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறீர்கள். மண் ஒன்றுதான்; பிள்ளையாராக வருமா யானையாக வருமா என்பது அச்சைப் பொறுத்தது. வானொலியிலும் அப்படி ஒரு அச்சு உண்டு. அதற்கு ‘பார்மட்’ என்று பெயர்.

நிலையத்தை வாங்கும் புதிய முதலாளி பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வாங்குகிறான். வட்டி கட்ட விளம்பரம் வேண்டும். சோப்பு, செல்போன், நகைக்கடை விளம்பரம் கொடுப்பவன் யாருடைய காதை விலைக்குக் கேட்கிறான்? கையில் காசுள்ள நகரத்து இளைஞர்களின் காதைக் கேட்கிறான். உடனே அச்சு மாறுகிறது. பாட்டுகளின் சில விநாடித் துண்டுகளை அப்படிப்பட்டவர்களுக்குப் போட்டுக்காட்டி மார்க் வாங்குகிறார்கள். மார்க் குறைந்த பாட்டு பட்டியலிலிருந்து விழுகிறது. மிஞ்சிய சில நூறு பாட்டுகளைக் கம்ப்யூட்டர் மாற்றி மாற்றி அடுக்குகிறது. புதுப் பாட்டு சில மணிக்கொருதரம் திரும்ப வருகிறது. பிறகு செலவைக் குறைக்க உள்ளூர் அறிவிப்பாளரை அனுப்பிவிட்டு, தலைமை நிலையத்து நிகழ்ச்சியையே பல ஊர்களுக்கும் போடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் களையெடுப்புப் பாட்டுக்கு மார்க் உண்டா? தெருக்கூத்துக்கு உண்டா? ஐம்பது வயதுத் தொழிலாளியின் விருப்பத்துக்கு உண்டா? ‘ஜனங்கள் கேட்பதைத்தானே போடுகிறோம்’ என்கிறார்கள். எந்த ஜனங்களைக் கேட்டார்கள் என்பதுதான் நம் கேள்வி.

அமெரிக்காவில் நடந்தது

இது எங்கே போய் முடியும் என்பதை அமெரிக்கா காட்டியிருக்கிறது. அங்கே ஒரு கம்பெனி நாடு முழுவதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு இருந்தது. 1996 சட்டம் அதை எடுத்துவிட்டது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனி 1,200 நிலையங்களுக்கு மேல் விழுங்கிவிட்டது. உள்ளூர்க் குரல்கள் மறைந்தன. அதே கம்பெனி ஐஹார்ட் மீடியா என்று பெயர் மாற்றி, சுமார் 2,000 கோடி டாலர் கடனோடு 2018-ல் திவால் மனுக் கொடுத்தது. 2020-ல் ஊழியர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றியது. கடனை வாங்கியது முதலாளி. வேலையை இழந்தது அறிவிப்பாளன்!

நாம் என்ன கேட்க வேண்டும்?

சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது உழைத்துக் களைத்தவனின் சந்தோஷம். நாம் கேட்பது வேறு.

ஒன்று: ஏலத்தில் அலையை எடுப்பவன், இத்தனை மணி நேரம் உள்ளூர்க் கலைஞர்களுக்கு என்று ஒதுக்க வேண்டும். நிலையம் கைமாறினாலும் அந்த நிபந்தனையும், ஊழியர்களின் வேலையும் கைமாறாமல் நிற்க வேண்டும்.

இரண்டு: திருச்சி, புதுச்சேரி அகில இந்திய வானொலி நிலையங்களில் உள்ளூர் நிகழ்ச்சிகளைக் குறைக்கக் கூடாது. கேட்பவர்களின் பிரதிநிதிகளைக் கலந்து நிகழ்ச்சிகளைத் திட்டமிட வேண்டும்.

மூன்று: சமுதாய வானொலி. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் வழி காட்டியது. 2006 முதல் லாப நோக்கமற்ற பொது ஸ்தாபனங்களும் அனுமதி கேட்கலாம். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. பீங்கான் தொழிற்கல்வி நிலையமும் பேட்டையும் இத்தனை கலைஞர்களும் உள்ள நமது ஊருக்கு அந்தத் தகுதி இல்லையா?

மண்ணும் நம்முடையது, பாட்டும் நம்முடையது. அச்சை மட்டும் வேறொருவன் கையில் விட்டுவிட்டுப் பொம்மை சரியில்லை என்று அழுது பயனில்லை. நெய்வேலி அலைவரிசை ஏலத்துக்கு வருமுன் நம் சங்கங்கள் கூடி இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்ப வேண்டும். அந்த வேலையை இந்த வாரமே தொடங்குவோம்!