சுருதி சேரவில்லை என்றால் குற்றம் யாருடையது?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இயற்பியல் படித்தவன், கிளாரினெட்டும் வாசிக்கிறவன் என்பதால், "ரெண்டையும் சேர்த்துப் பேசுங்க, பத்து நிமிஷத்தைத் தாண்டாதீங்க" என்று செயலாளர் கட்டளையிட்டிருக்கிறார். முயன்று பார்க்கிறேன்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் முகூர்த்த மாதம் வந்துவிட்டால் பாண்டு செட் இல்லாத மாப்பிள்ளை அழைப்பு குறைவு. கிளாரினெட், டிரம்பெட், கூடவே வண்டியில் கட்டிய கீபோர்டு. நடுவில் சுருதி விலகினால், "கிளாரினெட்காரன் சரியில்லப்பா" என்று ஒரு குரல் எழும். அந்த ஒரு சொல்லோடு அடுத்த கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். ஒருவருடைய பிழைப்பே அந்தச் சொல்லில் இருக்கிறது. அப்படிச் சொல்லுமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. அதுதான் இன்று என் பேச்சு.

காற்று வாத்தியத்தில் சுருதி என்பது வாசிப்பவர், கருவி, காற்று மூன்றும் சேர்ந்து தருவது. இது நம் நாகஸ்வர வித்வான்களுக்குப் புதிதல்ல. குட்டையான திமிரி நாகஸ்வரம் சுருதி அதிகம், நீளமான பாரி சுருதி குறைவு. கீழே உள்ள பிரம்ம சுரத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரி செய்வார்கள். சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கிப் பதம் பார்க்காமல் யாரும் கச்சேரி ஆரம்பிப்பதில்லை. திமிரியில் சுத்த மத்தியமம் சரியாக நிற்காது, ஊதும் விதத்தால்தான் பிடிக்க வேண்டும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அந்தக் குறையைக் கருவியிலேயே தீர்த்து பாரி நாகஸ்வரம் செய்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) அதை வாசித்து நாடறியச் செய்தார். அவ்வளவு பெரிய வித்வானே "கருவியைத் திருத்து" என்றார் என்றால், நம் பாண்டு செட் தம்பியை மட்டும் ஏன் கோபிக்க வேண்டும்?

இனி கிளாரினெட். சதிர்க் கச்சேரியில் முகவீணை இருந்த இடத்துக்கு வந்த வாத்தியம் இது. ஏ.கே.சி. நடராஜன் போன்றவர்கள் இதில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்தார்கள். 2008-இல் அவருக்கு சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

முதல் விஷயம் வெயில். ஒலியின் வேகம் 20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் 355 மீட்டர். ஏட்டுக் கணக்குப்படி சுருதி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். அரை ஸ்வரம் என்பதே ஆறு சதவீதம்தான். அதில் பாதி போய்விடுகிறது! குழலுக்குள் நம் மூச்சின் சூடும் இருப்பதால் நடைமுறையில் இவ்வளவு ஏறாது. ஆனாலும் காதுக்குத் தெரிகிற அளவு ஏறும். கீபோர்டுக்கு வெயில் தெரியாது, அது அதே சுருதியில் நிற்கும். மார்கழி விடியலிலோ நேர் எதிர்: குளிர்ந்த குழல் இறங்கி நிற்கும். ஆகவே பத்து நிமிஷம் ஊதிச் சூடேற்றிய பிறகே சுருதி பாருங்கள்.

இரண்டாவது, பேரல். மவுத்பீசுக்குக் கீழே உள்ள அந்தச் சின்ன உருளை. சுருதி ஏறினால் எல்லோரும் அதை இழுத்து நீட்டுவோம். இங்கேதான் சூட்சுமம். விரல் எடுத்து ஊதும் மேல் ஸ்வரத்துக்குக் காற்றுத் தூண் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். எல்லாத் துளையும் மூடினால் சுமார் 60. இரண்டு மில்லிமீட்டர் இழுத்தால் அது 25-இல் பெரிய பங்கு, 60-இல் சின்னப் பங்கு. ஒரு ஸ்வரம் அதிகம் இறங்கும், இன்னொன்று கொஞ்சம்தான் இறங்கும். ஒன்று சேர்ந்தால் மற்றொன்று சேராது. அதனால் எல்லாவற்றையும் பேரலிலேயே இழுக்காமல் நடு இணைப்பிலும் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளுங்கள். எப்போதும் நிறைய இழுக்க வேண்டியிருந்தால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமான பேரல் வாங்குவதே நல்லது.

மூன்றாவது ரீடு. மெல்லிய ரீடு சுருதியைத் தணிக்கும், தடித்தது ஏற்றும். உரக்க ஊதினால் கிளாரினெட் சுருதி இறங்கும், புல்லாங்குழலோ ஏறும். டிரம் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று மெல்லிய ரீடில் தம் கட்டி ஊதுகிறவருக்கு இரண்டு பக்கமும் அடி!

நான்காவது, கருவியின் பிறப்பு. 1939-இல் லண்டன் மாநாட்டில் 'ஏ' ஸ்வரத்துக்கு 440 என்று முடிவு செய்தார்கள். அதற்கு முன் இங்கிலாந்து ராணுவ பாண்டுகள் ஏறக்குறைய 452-இல் வாசித்தன. அந்தக் காலத்துக் கருவியில் எச்.பி. என்று பொறித்திருக்கும், ஹை பிட்ச் என்று பொருள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். துளைகளே நெருக்கமாக இருப்பதால் பேரலை எவ்வளவு இழுத்தாலும் அது கீபோர்டோடு சேராது. இன்னொன்று: பி-பிளாட் கிளாரினெட்டில் 'சி' பிடித்தால் வருவது ஆறரைக் கட்டை, ஏ கிளாரினெட்டில் ஆறு கட்டை. பாடுகிறவரின் கட்டையைக் கேட்டுக்கொண்டு கருவியை எடுங்கள்.

வெயிலில் நடந்து வாசிப்பவர்களுக்கு மரக் கருவி வெடிக்கும் பயம் உண்டு. எபனைட், பிளாஸ்டிக் கருவிக்கு அந்தப் பயம் இல்லை. அதை வைத்திருப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் இசைக் குழுவில் கிராமத்திலிருந்து வந்த ஒரு பையன் கடன் வாங்கிய கருவியோடு நிற்பான். சுருதி விலகினால் சிரிக்காதீர்கள். ரீடைப் பாருங்கள், பேரலைப் பாருங்கள், வெயிலைப் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் சேரவில்லை என்றால், அப்போது சாதகம் செய்யச் சொல்லுங்கள். "உனக்குக் காது இல்லை" என்று ஒரு வார்த்தையை முதலிலேயே சொல்லிவிட்டால், அவன் அந்தக் குழலை மறுபடி எடுக்கவே மாட்டான்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக்குப் பரிசு தர நினைக்கும்போது கேடயத்தோடு ஒரு பெட்டி ரீடும் இரண்டு அளவுப் பேரலும் வாங்கிக் கொடுங்கள். செலவு பெரிதல்ல, பலன் பெரிது.