பெயரை மாற்றினால் கதை நமதாகுமா?

(வட்டார அளவிலான தமிழாசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி ஆண்டு மலர் தயாரித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தபோது இரண்டு தவறுகள் செய்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 'பொன்னியின் செல்வன்' முடிந்த இடத்திலிருந்து பூங்குழலியை வைத்து ஒரு கதை எழுதி வந்தாள். "இது கல்கியின் சொத்து, நீ சொந்தமாக எழுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதே மலரில் ஒரு மாணவனின் கதையைப் பாராட்டி வெளியிட்டேன். அது வாழும் எழுத்தாளர் ஒருவரின் தொடர்கதை. ஊரும் பெயர்களும் மட்டுமே மாறியிருந்தன. மலர் வெளிவந்த பிறகு பெற்றோர் ஒருவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். மாணவனைக் கேட்டால், "பேரெல்லாம் மாத்திட்டேனே ஐயா" என்றான். அவன் ஏமாற்றவில்லை, அவ்வளவு போதும் என்றே நம்பியிருந்தான். மன்னிப்புக் கடிதத்தை அவனே எழுத, நானும் கையெழுத்திட்டு அந்த எழுத்தாளருக்கு அனுப்பினோம்.

நம் விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க செராமிக் பட்டறையே போதும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் குழம்பை ஊற்றிப் பொம்மை வார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பிள்ளையார் பொம்மை செய்ய யாரையும் கேட்க வேண்டியதில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் வடித்த பிள்ளையாரின் மேலேயே அச்சு எடுத்து, வேறு வண்ணம் பூசி விற்றால்? வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வரும்.

1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். தன் 'ஹம் இந்துஸ்தானி' நாடகத்தை 'நியூ டெல்லி' திரைப்படம் நகலெடுத்துவிட்டது என்று நாடக ஆசிரியர் வழக்குத் தொடுத்தார். கருத்துக்கும் கதைக்கருவுக்கும் வரலாற்றுச் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றை ஒருவர் வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்றது நீதிமன்றம். இரண்டையும் பார்த்தவருக்கு, பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் ஐயமின்றி எழ வேண்டும். அப்படி எழவில்லை என்பதால் நாடக ஆசிரியர் தோற்றார்.

மேலைநாட்டில் 'ட்வைலைட்' நாவலின் வாசகி ஒருவர், அதன் பாத்திரங்களை வைத்து இணையத்தில் எழுதிய கதையைப் பெயர்கள் மாற்றி 2011இல் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்ற தனி நாவலாக்கினார். (நம் பள்ளி நூலகத்துக்கு உரிய நூலன்று அது!) அங்கும் எழும் கேள்வி இதுதான்: பெயரை எடுத்த பிறகு மூலநூலிலிருந்து என்ன மிஞ்சியிருக்கிறது?

கல்கிக்கு வருவோம். அருள்மொழிவர்மர், குந்தவை, ஆதித்த கரிகாலன் எல்லாரும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள், யாரும் எழுதலாம். செம்பியன் மாதேவியாரைப் பற்றி நம் மாணவர்கள் எழுதத் தொலைவில் போக வேண்டாம். அவர் கற்றளியாக்கிய கோயில்களில் நம் பழமலைநாதர் கோயிலும் ஒன்று. வந்தியத்தேவன் கல்வெட்டில் இருக்கிறான். ஆனால் அந்தக் குறும்பும் வாய்த்துடுக்கும் கல்கி கொடுத்தவை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் முழுக்க அவருடைய கற்பனை. அவர்களைத் தொடர்ந்து எழுதும் ஆசையும் புதிதல்ல. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யைப் பொன்னியின் செல்வனின் தொடர்ச்சியாகவே எழுதினார்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளிலும் அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். தழுவி எழுதும் உரிமையும் அதில் அடங்கும். கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். ஆக, 2014உடன் அந்தக் காலம் முடிந்தது. அதற்கு முன்பே தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியும் விட்டது. என் மாணவி பூங்குழலியைப் பெயர் மாற்றாமலே எழுதி, அச்சிட்டு விற்றிருக்கலாம். மூலம் கல்கியுடையது என்று ஒரு வரி குறிப்பிட்டால், அது நேர்மை.

கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் படியெடுத்துப் பயன்படுத்தச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே "இந்தக் கதையின் முடிவை மாற்றி எழுது" என்ற பயிற்சியைப் பயந்து கைவிட வேண்டாம். மலரில் அச்சேறும்போதுதான் கவனம் தேவை. இப்போதெல்லாம் கதை தரும் பிள்ளையிடம், "இதை எழுதுவதற்கு முன் எதைப் படித்தாய்?" என்று கேட்கிறேன். அதட்டிக் கேட்டால் உண்மை வராது.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அண்மையில் சந்தித்தபோது என் தவறைச் சொல்லி, கதையைக் கேட்டேன். "அந்த நோட்டு பழைய பேப்பர்கூடப் போயிடுச்சு ஐயா" என்றாள். முன்னாள் மாணவர் பகுதிக்கு மறுபடி எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.