ஏழையின் பத்திரிகைக்கு வாய்ப்பூட்டு ஏன்?

(மும்பையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோல் தைக்கும் பட்டறையிலும், இட்லி அவிக்கும் அடுப்படியிலும், ஆட்டோ ஓட்டும் தம்பிமாருக்கும் கை வேலையாக இருக்கும்போது காதுக்குத் துணையாக இருப்பது வானொலி. பத்திரிகை படிக்க எழுத்துத் தெரிய வேண்டும். தொலைக்காட்சி பார்க்க வேலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். வானொலிக்கு இரண்டும் வேண்டாம். அதனால்தான் அதை ஏழையின் பத்திரிகை என்கிறோம். அந்தப் பத்திரிகையில் ஏழையின் பிரச்சினையைப் பேச இடம் உண்டா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

மும்பையில் தனியார் பண்பலை நிலையங்கள் பல இருக்கின்றன. காலை முதல் நள்ளிரவு வரை பாட்டு, சினிமாச் செய்தி, தொலைபேசியில் ஆளை ஏமாற்றும் வேடிக்கை. நேயர் பேசலாம், சிரிக்கலாம், பிடித்த பாட்டைக் கேட்கலாம். "எங்கள் சந்துக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று ஊரைக் கூட்டி விவாதிக்க மட்டும் வழியில்லை. அறிவிப்பாளருக்கு மனமில்லை என்று எண்ண வேண்டாம். விதி அப்படி இருக்கிறது.

2011இல் மத்திய அரசு வெளியிட்ட மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கையைப் பாருங்கள். தனியார் நிலையம் சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்யலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு ஆகியவை செய்தி ஆகா என்று விலக்கு உண்டு. தண்ணீர், மின்சாரம் பற்றியும் சொல்லலாம்; ஆனால் உள்ளூர் நிர்வாகம் கொடுக்கும் தகவலாக இருக்க வேண்டும். நாளை தண்ணீர் வராது என்று மாநகராட்சி சொன்னால் வானொலி அதைச் சொல்லலாம். யாருக்கு வருகிறது, நமக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று விவாதித்தால் அது நடப்பு அரசியல் ஆகிவிடுகிறது!

வேடிக்கையாகச் சொன்னாலும் வினை உண்டு. 2017இல் மலிஷ்கா என்ற மும்பை அறிவிப்பாளர் சாலைக் குழிகளைப் பற்றி மாநகராட்சியைக் கிண்டல் செய்து ஒரு பாட்டுப் பாடினார். நகரமே சிரித்தது. பிறகு மாநகராட்சி அவர் வீட்டைச் சோதித்து, கொசுப்புழு இருக்கிறதென்று நோட்டீஸ் கொடுத்தது. பேர்பெற்றவருக்கே இந்தக் கதி என்றால், பேரில்லாத நாம் எம்மாத்திரம்?

வானொலி தவறானவர் கையில் போனால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. 1994இல் ருவாண்டாவில் ஒரு வானொலி நிலையம் வெறுப்பை ஊதி ஊதிக் கொலைக்களம் அமைத்ததை உலகம் அறியும். வெறுப்பைத் தடுக்கச் சட்டம் இருக்கட்டும். ஆனால் இரவும் பகலும் கூச்சலிடும் தொலைக்காட்சிச் செய்திகளுக்கு அனுமதி உண்டு, பத்திரிகைக்கு உண்டு. கண்ணில்லாதவரும் எழுத்தறியாதவரும் கேட்கும் தனியார் வானொலிக்கு மட்டும் தடை என்றால் அது என்ன நியாயம்? காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சொத்துக்காரன் வாசலில் நிற்கிறான்!

நம் தாராவியையே எடுத்துக்கொள்வோம். மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளே வீடு. அதற்குப் பின், 2011க்கு முன் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே. மாடி அறைக்காரருக்கு வெளியே வாடகை முறையில் என்று அரசின் திட்டம் பிரித்தது. பத்தடி ஏணிக்கு மேலே ஒரு நீதி, கீழே ஒரு நீதி! எந்தக் காகிதம் செல்லும், வாடகைக்காரர் பெயர் எங்கே வரும், பட்டறைக்காரர் நிலை என்ன என்று அதிகாரி ஒரு பக்கமும் மக்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்து நம் மொழியில் ஒரு மணி நேரம் வானொலியில் பேசினால் எத்தனை குடும்பம் தெளிவடையும்! பேச்சு இல்லாத இடத்தில் வதந்தி குடியேறுகிறது. வதந்தியை நம்பி ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். இன்னொருவர் தரகனிடம் பணம் கொடுக்கிறார்.

வழியே இல்லையா? ஓரளவு உண்டு. 2006இல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று அரசு திறந்துவிட்டது. நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்களைக் கொண்டு உள்ளூரிலேயே உருவாக வேண்டும் என்பது விதி. 2008இல் இன்றைய தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் தலித் பெண்கள் சங்கம் ரேடியோவைத் தொடங்கினார்கள். விதைப்பும் விளைச்சலும் பெண் உடல்நலமும் அவர்கள் வாயாலேயே ஒலித்தன. 2009இல் குர்கானில் தொழிற்சாலைகளுக்குப் பிழைக்க வந்த மக்களையும் உள்ளூர்க்காரரையும் ஒரே அலைவரிசையில் சேர்க்க குர்கான் கி ஆவாஜ் எழுந்தது. ஆனால் அந்த 2006 விதிகளும் சமுதாய வானொலியில் செய்தி, நடப்பு அரசியல் பேசுவதைத் தடுத்தன. கட்சிக்கும் கட்சி சார்ந்த தொழிற்சங்கத்துக்கும் உரிமம் இல்லை என்றன.

அலை கிடைக்காதவர்கள் தொலைபேசியைப் பிடித்தார்கள். 2010இல் மத்திய இந்தியாவின் காட்டுப் பகுதியில் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா அப்படிப்பட்டது. பழங்குடி மக்கள் கோண்டி போன்ற தம் மொழியில் குறையைத் தொலைபேசியில் சொல்லிப் பதிவு செய்தார்கள். மற்றவர்கள் அழைத்துக் கேட்டார்கள். கூலி பாக்கியும் பழுதான அடிபம்பும் அதில் பேசுபொருளாயின.

தோழர்களே, தனியார் பண்பலைக்கு மணிக்கு 10 நிமிடம் செய்தியும் நடப்பு விவகாரமும் அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. பரிந்துரை பசியாற்றாது. அந்தப் பத்து நிமிடத்தில் நம் கேள்விக்கு ஒரு நிமிடமாவது வேண்டுமென்றால், கேள்வி நம்மிடம் தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே சந்துக்கு ஒரு தாயும் ஓர் இளைஞரும் முன்வர வேண்டுகிறோம். தண்ணீர், வீடு, கூலி, பள்ளி பற்றி அண்டை வீட்டார் கேட்பதை எழுதுங்கள். எழுத வராதவர்கள் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் மேடை உங்களுக்கு. அன்றைக்கு நாங்கள் பேசமாட்டோம், கேட்போம். வந்த கேள்விகளைத் தொகுத்து, தடையை நீக்கும் கோரிக்கையோடு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குச் சங்கத்தின் பெயரால் அனுப்புவோம்.